விதை எந்த ஊர்?

சென்ற பொங்கல் விழாவில், பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்த சங்க அன்பர் ஒருவர், சித்தூருக்கு அருகே தமக்குள்ள நாலு ஏக்கர் மேட்டு நிலத்தில் மரம் வைக்கப் போவதாகச் சொன்னார். "சார், நீங்கள் அந்தப் பக்கமெல்லாம் வேலை பார்த்தவர். வேம்பு வைக்கலாமா, செம்மரம் வைக்கலாமா?" என்று கேட்டார். "எதுவானாலும், விதை எந்த ஊர் என்று முதலில் விசாரியுங்கள்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பந்தியில் விளக்க முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன். நான் வனத்துறைக்காரன் அல்ல. டிப்ளமா படித்துத் தண்டவாளத்தோடு காலம் கழித்தவன். ஆனால் இந்த விஷயத்தில் ஒரு தடவை நன்றாக ஏமாந்தவன்.

1999-ல் பாகாலா பக்கம் ரயில்வே குடியிருப்பில் வேப்பங்கன்றுகள் நட்டோம். பாதி, கடலோரத்து நர்சரி ஒன்றில் வாங்கியவை. மீதி, எங்கள் கீமேன் லைன் ஓரத்து மரங்களின் அடியில் பழம் பொறுக்கி முளைக்க வைத்தவை. வேப்பங்கொட்டை சில வாரங்களிலேயே முளைக்கும் சக்தியை இழந்துவிடும் என்பது அவருக்குத் தெரியும்; பொறுக்கிய கையோடு கழுவி விதைத்துவிட்டார். இரண்டு வருடத்தில் நர்சரிக் கன்றுகள் ஆளுயரத்தைத் தாண்டின. கீமேனுடையவை இடுப்பளவுதான். அவரை நான் கேலி செய்ததும் உண்டு.

2002-ல் நாடு முழுவதும் மழை பொய்த்தது. லாரித் தண்ணீர் மனிதர்களுக்கே போதவில்லை. அடுத்த கோடைக்குள் உயரமான கன்றுகளில் பெரும்பாலானவை பட்டுப்போயின. குட்டைக் கன்றுகள் இலையைக் கொட்டிவிட்டு நின்று, மழை கண்டதும் துளிர்த்தன. இதை ஆராய்ச்சி என்று சொல்ல மாட்டேன்; தண்ணீர் ஊற்றியதிலேயே ஏற்றத்தாழ்வு இருந்திருக்கலாம். ஆனாலும் பிறகு படித்ததெல்லாம் இதையேதான் சொன்னது.

ஒரே வகை மரம்தான். ஆனால் பல தலைமுறைகளாக ஒரே இடத்தில் நின்று, அந்த இடத்து வெயிலையும் மழையையும் தாங்கியவை மட்டுமே விதை கொடுத்து வந்திருக்கின்றன. வறண்ட இடத்து விதை பெரும்பாலும் முதலில் வேரை இறக்கும். இலையைச் சிக்கனமாக விடும். மழை மிகுந்த இடத்து விதைக்கு வெளிச்சத்துக்குப் போட்டி, ஆகவே உயரத்துக்கு ஓடும். நல்ல வருடங்களில் இரண்டாவதுதான் ஜெயிக்கும். பஞ்சம் ஒன்று வரும்வரை வித்தியாசம் வெளியே தெரியாது.

எங்கள் தொழிலில் இதற்கு ஓர் உவமை உண்டு. நீளமாகப் பற்றவைத்த தண்டவாளத்தை, அந்தந்த வட்டாரத்தின் வெப்பக் கணக்கைப் பார்த்தே இறுக்கிப் பூட்டுவோம். இதற்காக நாட்டையே நான்கு வெப்ப மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். குளிர்ப் பிரதேசக் கணக்கில் பூட்டியது ரேணிகுண்டா வெயிலில் நெளிந்துவிடும். இரும்பு என்னவோ ஒன்றுதான்.

இதற்கு உலகம் அறிந்த உதாரணம் தைலமரம் என்கிற யூகலிப்டஸ். அதில் ஆற்றங்கரை வகை ஒன்று ஆஸ்திரேலியாக் கண்டம் முழுவதும் பரவியிருக்கிறது. தெற்கே விக்டோரியாவில் அல்பகுத்யா ஏரிப் பக்கம் குளிர்காலத்தில் மழை, கோடையில் வறட்சி. வடக்கே குவீன்ஸ்லாந்தின் பெட்ஃபோர்டில் கோடையில் மழை. பிறகு நீண்ட வறட்சி. பல நாடுகளில் பக்கத்துப் பக்கத்தில் நட்டுப் பார்த்தபோது, குளிர்கால மழை பெறும் மத்தியதரைக்கடல் நாடுகளில் அல்பகுத்யா விதை நன்றாக வந்தது. நம்மைப் போலப் பருவமழை நாடுகளில் பெட்ஃபோர்டு விதை வந்தது. மொத்த மழை எவ்வளவு என்பதோடு, அது எந்த மாதத்தில் பெய்கிறது என்பதும் முக்கியம் என்று இதிலிருந்து தெரிந்தது. (தைலமரம் நல்லதா கெட்டதா என்ற வழக்குக்கு நான் வரவில்லை!) அதற்கு முன் நம் நாட்டில் நட்டதில் பெரும்பகுதி 'மைசூர் கம்' என்ற வகை. திப்பு சுல்தான் காலத்தில் நந்தி மலையில் வைத்ததாகச் சொல்லப்படும் மரங்களின் வழிவந்தது. ஒரு சில தாய்மரங்களின் வம்சத்தை இத்தனை லட்சம் ஏக்கருக்குப் பரப்பினால் என்ன ஆகும்? ஒரே தோப்பில் குட்டையும் நெட்டையும் கலந்து நின்றன.

செம்மரத்தின் கதை வேறு. நம் கொலுவில் நிற்கும் திருப்பதி மரப்பாச்சி ஜோடி இந்த மரத்தில் செய்ததுதான். சேஷாசலம், வெலிகொண்டா, பாலகொண்டா, லங்கமலை என்று ஆந்திராவின் தென்கோடி மலைகள்தான் அதன் பிறந்த வீடு. வேறெங்கும் அது பெருவாரியாக இயற்கையாக வளர்வதில்லை. சித்தூர் நிலத்துக்குப் பக்கத்து மலை விதை கிடைத்தால் பொருத்தம் சரிதான். ஆனால் மலையில் அது நிற்பது கல்லும் சரளையுமான சரிவில். கொழுத்த மண்ணும் சொட்டுநீரும் கொடுத்தால் மரம் சீக்கிரம் பருக்கும். சிவந்த வைரம் அதே வேகத்தில் ஏறாது. பத்து வருடத்தில் கோடி என்று விளம்பரம் செய்பவர்கள் இதைச் சொல்வதில்லை. காட்டுக்குள் போய் விதை பொறுக்கவும் கூடாது, அது காப்புக்காடு. அந்த மரத்துக்காக 2015 ஏப்ரலில் சேஷாசலத்தில் நம் தமிழ்த் தொழிலாளர்கள் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டதை யாரும் மறந்திருக்க மாட்டோம். திருப்பதியில் ஆந்திர வனத்துறை மர மேம்பாட்டுக்கென்றே ஓர் ஆராய்ச்சி மையம் அமைத்திருக்கிறது. அங்கே கேட்பதுதான் நேர்வழி.

இப்போது புதிதாக ஒரு சிக்கல். இன்று நடும் கன்று முப்பது வருடம் நிற்க வேண்டும். அதற்குள் சித்தூர் வெயிலே மாறிவிடும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2018 முதல், நடும் இடத்தின் வருங்காலத் தட்பவெப்பத்துக்கு ஒத்த ஊரின் விதையைத் தேர்ந்தெடுக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். நம் கணக்கில், பெரும்பகுதி உள்ளூர் விதை, கொஞ்சம் அனந்தபுரம் போன்ற இன்னும் வறண்ட பக்கத்து விதை என்று கலந்து வைப்பது புத்திசாலித்தனம் என்பது என் அபிப்பிராயம். எங்கே எடுத்தாலும் ஒரே மரத்தடியில் கூடையை நிரப்பாமல், தள்ளித்தள்ளி நிற்கும் இருபது முப்பது மரங்களிலாவது எடுக்க வேண்டும்.

போன வாரம் அன்பர் தொலைபேசியில் கூப்பிட்டார். நர்சரிக்காரரிடம் விதை எந்த ஊர் என்று கேட்டாராம். "கன்று நல்ல கன்று சார்" என்பதே பதிலாம். வேப்பம்பழம் பழுக்கும் ஜூன் மாதத்தில் லீவு போட்டுவிட்டு ஊருக்குப் போகிறார். கூடைகளுக்குச் சொல்லி வைத்தாயிற்று.