படைவீரர் இல்லங்களில் பயறும் தோட்டக் காயும்

படைவீரர் குடும்பங்கள் ஒரே ஊரில் சில ஆண்டுகளுக்கு மேல் தங்குவது அரிது. கணவர் எல்லைப் பகுதிக்கு அனுப்பப்படும் காலத்தில் வீட்டுப் பொறுப்பு முழுவதும் மனைவியைச் சேர்கிறது. இந்நிலையில் குறைந்த செலவில் சத்துள்ள உணவைத் தருவன உலர்ந்த பயறு வகைகளும், குடியிருப்பின் பின்புறமுள்ள காய்கறித் தோட்டமும் ஆகும். ராஜ்மா நூறு கிராமில் ஏறத்தாழ 23 கிராம் புரதம் உண்டு. நெடுங்காலம் கெடாமலிருப்பதால் படையினரின் உணவிலும் பயறுகள் நிலையான இடம் பெற்றுள்ளன.

எரிபொருட் கணக்கு

பயறு மலிவெனினும் அதனை வேகவைக்கும் எரிபொருள் மலிவன்று. நாம் பயன்படுத்தும் சமையல் எரிவாயுவில் பாதிக்கும் மேற்பட்டது இறக்குமதியாகிறது. நீர் கொதித்த பின் தீயைப் பெருக்கினாலும் வெப்பநிலை உயர்வதில்லை, நீரே ஆவியாகிறது. ஒரு கிராம் நீரை 20 பாகையிலிருந்து 100 பாகைக்கு உயர்த்த 80 கலோரி வெப்பம் போதும்; அதே நீரை ஆவியாக்க ஏறத்தாழ 540 கலோரி தேவை. எனவே கொதிவந்த பாத்திரத்தை இறுக மூடி, வைக்கோலோ பழங்கம்பளியோ அடைத்த பெட்டியில் வைத்தால், உள்ளிருக்கும் வெப்பமே சமையலைத் தொடர்ந்து நடத்தும். முதல் உலகப் போரின்போது ஐரோப்பிய இல்லங்களில் எரிபொருளைச் சேமிக்க இத்தகைய வைக்கோற் பெட்டிகள் பயன்பட்டன.

எச்சரிக்கை

சிக்கனம் கருதி ஒரு படியைத் தவிர்த்தல் ஆபத்தாகும். பச்சை ராஜ்மாவில் லெக்டின் என்னும் நச்சுப் பொருள் உள்ளது. அரைகுறையாக வெந்த சில விதைகளே கடும் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கக்கூடும். 80 பாகை அளவிலான இளஞ்சூட்டில் இந்நச்சு அழிவதில்லை. ஆகவே பயற்றை இரவு முழுவதும் ஊறவைத்து, அந்நீரைக் கொட்டிவிட்டு, புதுநீரில் குறைந்தது பத்து நிமிடம் தளதளவெனக் கொதிக்கவிட்ட பின்னரே பெட்டியில் வைத்தல் வேண்டும். பரிமாறுமுன் மீண்டும் கொதிக்கவிடுவதும் இன்றியமையாதது.

இவ்விதி சமவெளிக்கே பொருந்தும். உயரம் கூடக் கூட நீர் குறைந்த வெப்பநிலையிலேயே கொதிக்கிறது. நீலகிரியின் வெல்லிங்டனில் ஏறத்தாழ 94 பாகையிலும், சுமார் 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லேயில் ஏறத்தாழ 88 பாகையிலும் கொதிநிலை வந்துவிடும். அங்குத் திறந்த பாத்திரத்தில் எவ்வளவு நேரம் கொதித்தாலும் 100 பாகையை எட்ட இயலாது. பிரஷர் குக்கரோ லேயிலும் 110 பாகைக்கு மேல் வெப்பத்தைத் தரவல்லது. மலைப்பகுதிகளில் முதற்கட்டத்தைக் குக்கரில் முடித்து, அதனை அப்படியே கம்பளியால் சுற்றி வைப்பதே முறை.

தோட்டத்தின் பங்கு

தக்காளி, புளி போன்ற புளிப்புப் பொருள்கள் பயறு மென்மையாவதைத் தாமதப்படுத்தும். ஆதலால் பயறு வெந்த பின்னரே அவற்றைச் சேர்த்தல் நலம். கீரையையும் இறுதியிலேயே சேர்க்கலாம். மாற்றல் ஆணை எப்போது வருமென அறிய இயலாத குடும்பங்களுக்குக் குறுகிய காலப் பயிர்களே ஏற்றவை: கீரை ஏறத்தாழ ஒரு மாதத்திலும், முள்ளங்கி ஒன்றரை மாதத்திலும், பீன்ஸ் இரண்டு மாதத்திலும் பலன் தரும்.

காய்கறி விளைச்சலின் பயனைப் பாதுகாப்புத் துறையும் உணர்ந்தே 1962-இல் லேயில் கள ஆய்வுக்கூடம் ஒன்றை நிறுவியது. குளிர்ப் பாலைவனத்தில் காய்கறி பயிரிடும் முறைகள் அங்கு ஆராயப்பட்டன. பனியால் கணவாய்கள் அடைபடும் பகுதிகளில், அருகில் விளையும் ஒவ்வொரு கிலோ காயும் நெடுந்தொலைவுப் போக்குவரத்துச் செலவைக் குறைக்கிறது.

பீன்ஸ் செடியின் வேர் முடிச்சுகள் காற்றிலுள்ள நைட்ரஜனை நிலைப்படுத்துகின்றன. அறுவடைக்குப் பின் வேரை மண்ணிலேயே விட்டால் நிலம் வளம் பெறும். விதைத்தவர் வேறு ஊருக்குச் சென்றுவிடலாம். அடுத்து அவ்வீட்டிற்கு வரும் குடும்பம் அவ்வளத்தின் பயனைப் பெறும். குடியிருப்புகளை ஒதுக்கும் அலுவலர்கள் வீட்டுச் சாவியுடன் தோட்டத்தின் பயிர்க் குறிப்பையும் ஒப்படைக்க ஏற்பாடு செய்வார்களாயின், இச்சிறு முயற்சி தொடர்ந்த பயனளிக்கும்.