நூலைத் தேடி ஒருநாள் உலா

"நூலைப் போல சேலை, தாயைப் போல பிள்ளை" என்பது நம் முன்னோர் வழக்கு. சேலையின் தரம் நூலில் இருப்பதுபோல, கைவேலையின் தரம் அதைச் செய்பவர் கண்டு பழகியவற்றில் இருக்கிறது. தையல், பூவேலை, பாத்தேக், நெசவு என்று துணியோடு உறவாடும் சகோதரிகள் பலர் நம்மிடையே இருக்கின்றனர். வீட்டின் ஒரு மூலையில் அமர்ந்து ஆண்டுக்கணக்கில் வேலை செய்பவருக்கு, நாளடைவில் அதே மாங்காய், அதே மயில், அதே கொடிதான் ஊசி முனையில் வரும். கையில் குறையில்லை, கண்ணுக்குத்தான் புதிய உணவு கிடைக்கவில்லை.

இதற்கு எளிய மருந்து ஒன்று உண்டு. ஒத்த தொழிலுடையோர் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து, காலையில் புறப்பட்டு மாலையில் வீடு திரும்பும் கல்விச் சுற்றுலாவே அது. நம் கிள்ளான் பள்ளத்தாக்கில் இதற்கு ஏற்ற இடங்கள் பல. எங்கே போவது, எதைப் பார்ப்பது, பார்த்ததை என்ன செய்வது என்பதை இங்கே முறையாக எடுத்துரைக்க விழைகிறேன்.

முதல் நாள்: தலைநகர்

மெர்டேக்கா சதுக்கத்தின் அருகே, ஜாலான் சுல்தான் ஹிஷாமுடினில் தேசியத் துணி அரும்பொருளகம் உள்ளது. இது 2010ஆம் ஆண்டு ஜனவரியில் திறக்கப்பட்டது. கட்டடமோ 1905ஆம் ஆண்டினது. மலாய்க் கூட்டு மாநில ரயில்வே அலுவலகத்திற்காக எழுப்பப்பட்டது. இதனை வடிவமைத்தவர் ஹப்பெக் என்னும் ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர். மஸ்ஜிட் ஜாமெக், பழைய கோலாலம்பூர் ரயில் நிலையம் ஆகியவையும் அவர் வடிவமைத்தவையே. உள்ளே நுழையுமுன் சற்று நின்று சுவரைப் பாருங்கள். சிவப்புச் செங்கல் ஒரு வரி, வெள்ளைச் சுண்ணப்பூச்சு ஒரு வரி என்று மாறி மாறி வருவது கோடு போட்ட சேலை போலவே இருக்கும். முதல் பாடம் வாசலிலேயே கிடைத்துவிடுகிறது.

உள்ளே நான்கு காட்சிக்கூடங்கள் உள்ளன. நூல் நூற்கும் கருவிகள், தறிகள், சாயமிடும் முறைகள் ஆகியவற்றில் தொடங்கி, பாத்தேக், சொங்கெட், அணிகலன்கள் என்று காட்சி விரிகிறது. இவற்றுள் சொங்கெட்டின் முன் அதிக நேரம் நில்லுங்கள். கிளந்தான், திரெங்கானு மாநிலங்களில் பெயர்பெற்ற இந்தப் பொன்னிழைத் துணியை யுனெஸ்கோ நிறுவனம் 2021ஆம் ஆண்டில் மானிட மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. பாவு நூலுக்கும் ஊடு நூலுக்கும் இடையே, கூடுதலாக ஒரு பொன்னிழையை வேண்டிய இடத்தில் மட்டும் ஓடவிட்டுப் பூ எடுப்பதே இதன் நுட்பம். நம் காஞ்சிபுரத்து நெசவாளர் ஜரிகைப் பூ எடுப்பதும் இதே தத்துவத்தில்தான்.

மற்றொன்றையும் கவனியுங்கள். சொங்கெட்டில் வரிசையாக நிற்கும் முக்கோணங்களை மலாய்க்காரர்கள் 'பூச்சோக் ரெபோங்', அதாவது மூங்கில் குருத்து என்பர். நம் பட்டுச் சேலைக் கரையிலும் அவ்வாறே முக்கோணங்கள் அணிவகுக்கின்றன. கடைக்காரர்கள் அதை 'டெம்பிள் பார்டர்' என்பார்கள். ஒருவர் கண்ணுக்கு மூங்கில் குருத்து, மற்றவர் கண்ணுக்குக் கோயில் கோபுரம். யாரிடமிருந்து யார் கற்றார் என்று வழக்காட வேண்டியதில்லை. ஒரே வடிவம் இரண்டு மண்ணில் இரண்டு பொருள் பெற்று வாழ்கிறது என்று அறிவதே நமக்கு ஆதாயம்.

அங்கிருந்து ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மான், மஸ்ஜிட் இந்தியா பக்கம் நடந்தால் துணிக்கடைகள் வரிசையாக வரும். அங்கே 'காயின் பெலிக்காட்' என்னும் கட்டம் போட்ட கைலியைக் கையில் எடுத்துப் பாருங்கள். 'பெலிக்காட்' என்ற சொல் எங்கிருந்து வந்தது தெரியுமா? சென்னைக்கு வடக்கேயுள்ள பழவேற்காடுதான் அது. ஐரோப்பியர் அதைப் 'புலிக்காட்' என்றனர். டச்சுக்காரர்கள் 1613இல் அங்கே கெல்டிரியா என்னும் கோட்டையைக் கட்டி, சோழமண்டலக் கரையின் துணிகளைக் கப்பலேற்றினர். அதற்கும் நூறாண்டுக்கு முன்பே மலாக்காத் துறைமுகத்தில் தமிழ் வணிகர்கள் துணி விற்றதைப் போர்த்துகீசியரான தொமே பிரெஸ் எழுதி வைத்திருக்கிறார். இன்று மலாய்க் குடும்பங்களில் அன்றாடம் உடுத்தும் கைலியில் ஒரு தமிழ் ஊரின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டாமா?

நேரமிருந்தால் ஜாலான் கொன்லேயிலுள்ள கைவினை வளாகத்திற்குச் சென்று பாத்தேக் வேலையைப் பார்க்கலாம். உருக்கிய மெழுகைச் 'சந்திங்' என்னும் சிறு மூக்குக் கிண்ணத்தால் துணியில் கோடாக இழுப்பார்கள். மெழுகு தொட்ட இடத்தில் சாயம் ஏறாது. இந்த ஒரு விதியை வைத்துக்கொண்டே அத்தனை வண்ணங்களையும் பிரித்துக் காட்டுகிறார்கள்.

மாலையில் பிரிக்பீல்ட்ஸ் வந்து சேருங்கள். பூக்கடையில் மாலை கட்டுபவரின் விரல்களைக் கால் மணி நேரம் கவனியுங்கள். வெள்ளை மல்லிகை நீளமாக, நடுவே சிவப்பு ரோஜா ஒன்று, இருபுறமும் பச்சை இலை என்று அவர் வைக்கும் கணக்கு, சேலைக் கரைக்கு உரிய கணக்கே.

இரண்டாம் நாள்: கிள்ளானும் கேரித் தீவும்

மற்றொரு நாள் கிள்ளானை நோக்கிப் புறப்படலாம். கொமுட்டர் ரயிலில் இறங்கி ஜாலான் தெங்கு கிளானாவிலுள்ள சேலைக் கடைகளில் காலைப் பொழுதைக் கழிக்கலாம். வாங்குவதற்கு முன், சேலையின் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். பூவேலையின் உண்மை பின்புறத்தில்தான் தெரியும். கோர்வைச் சேலையாக இருந்தால், கரையும் உடலும் வெவ்வேறு நாடாக்களால் நெய்யப்பட்டு ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும் இடத்தை விரலால் தடவியே அறியலாம்.

பின்னர் தெலுக் பங்லிமா காராங் வழியாகக் கேரித் தீவுக்குச் செல்லுங்கள். தோட்டத்து மக்களுக்கு இந்தத் தீவைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. அங்கே சுங்கை பும்புன் கிராமத்தில் மா மெரி என்னும் பூர்வகுடி மக்கள் வாழ்கின்றனர். அவர்களின் மரச்சிற்பமும் முகமூடியும் புகழ்பெற்றவை. ஆனால், துணிக்கலைஞர்கள் பார்க்க வேண்டியது பெண்களின் ஓலை வேலையை. பண்டான் தாழை ஓலையைக் கீறி, காயவைத்து, சாயமேற்றிப் பாயும் பையும் பின்னுகின்றனர். நீப்பா ஓலையை மடித்துப் பூவும் பூச்சியும் தொங்கலும் செய்கின்றனர். நம் திருவிழாவில் தென்னங்குருத்துத் தோரணம் கட்டியவர்கள் இதைக் கண்டால் வியப்படைவார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. அந்த ஓலை வேலைகள் முன்னோரை வழிபடும் 'ஹரி மோயாங்' திருநாளுக்கு உரியவை. நம் பூசைப் பொருளைப் பிறர் அனுமதியின்றித் தொட்டால் நமக்கு எப்படியிருக்கும்? கேட்டுப் பாருங்கள், கேட்டுப் படமெடுங்கள், விலை பேசிக் குறைக்காமல் அவர்களிடமே வாங்குங்கள்.

பார்த்ததை என்ன செய்வது?

கண்டதை அப்படியே நகலெடுப்பது கலையாகாது. இதற்கு மேலை நாட்டிலிருந்து ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறேன். ஜெர்மனியில் பிறந்த ஆனி ஆல்பர்ஸ் என்னும் நெசவுக் கலைஞர் 1933இல் அமெரிக்கா சென்று, 1935இல் முதன்முறையாக மெக்சிகோவுக்குப் பயணம் செய்தார். அங்கே மோன்டே ஆல்பன் என்னும் பழங்கால நகரின் இடிபாடுகளைக் கண்டார். 1936இல் அதே பெயரில் ஒரு துணி நெய்தார். அதில் அந்நகரத்தின் படம் இல்லை. சாதாரண நெசவின் மேல் ஒரு நூலைக் கூடுதலாக ஓடவிட்டு, படிப்படியாக ஏறி இறங்கும் கோடுகளை மட்டும் வரைந்திருந்தார். கண்ட இடத்தின் அமைப்பை எடுத்துக்கொண்டார். தோற்றத்தை அங்கேயே விட்டுவிட்டார்.

நம் பயணத்திற்கும் சில விதிகள் வகுத்துக்கொள்ளலாம்:

1. ஒவ்வொருவரும் ஒரு நோட்டும் பென்சிலும் கொண்டுவர வேண்டும். கைத்தொலைபேசிப் படம் ஒரு நொடியில் எடுக்கப்படும். அடுத்த நாளே மறந்துபோகும். கையால் வரைந்தது மறக்காது.

2. நாள் ஒன்றுக்கு மூன்று இடங்கள் போதும். அரும்பொருளகம் அன்று திறந்திருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

3. ரயிலில் திரும்பும்போதே, இன்று கண்டவற்றுள் ஒன்றை மட்டும் தேர்ந்து ஏன் பிடித்தது என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும்.

4. ஒரு வாரத்திற்குள் அதை ஒரு சாண் சதுரத் துணியில் செய்துகாட்ட வேண்டும். பன்னிரண்டு பேர் செய்த சதுரங்களை இணைத்தால் நான்கு சாண் நீளமும் மூன்று சாண் அகலமும் உள்ள விரிப்பு ஒன்று கிடைத்துவிடும்.

5. ஒவ்வொரு பயணத்திலும் இளம்பெண்கள் இருவரையாவது அழைத்துச் செல்ல வேண்டும்.

ஐந்தாவது விதியை வலியுறுத்தக் காரணம் உண்டு. உற்சவ காலத்தில் தொங்கவிடும் தொம்பை, மேற்கட்டியாகிய அஸ்மானகிரி, வாசமாலை ஆகியவற்றைத் தஞ்சை வட்டாரத்துக் கருப்பூர், சிக்கல்நாயக்கன்பேட்டை முதலிய ஊர்களின் கலம்காரிக் கலைஞர்கள் ஆலயங்களுக்கென்றே தீட்டி வந்தனர். கருப்பூர்க் கலம்காரிக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நம் ஆலயத்திற்கு வேண்டிய இத்தகைய துணிகளைத் தமிழகத்திலிருந்தே தருவிக்கிறோம். அதில் தவறில்லை, அங்குள்ள கலைஞரும் வாழ வேண்டும். ஆனால், கிழிந்த தொம்பையைத் தைத்துச் சீர்செய்யவும், வாகனத்திற்கு ஓர் அலங்காரத் துணி தைக்கவும் நம்மிடம் இருக்கும் கைகள் எத்தனை? அவற்றில் நாற்பது வயதுக்குக் குறைந்தவை எத்தனை? பூவேலை தெரிந்த அன்னையர் ஓய்ந்துவிட்டால், அவர்கள் விரலில் இருக்கும் கல்வியும் அவர்களோடு போய்விடும். அது எந்தப் பெட்டியிலும் கப்பலேறி வராது. "வா, கற்றுத் தருகிறேன்" என்று அழைத்தால் தயங்கும் பெண், "வா, ஒருநாள் ஊர் சுற்றிப் பார்த்து வருவோம்" என்றால் மகிழ்ச்சியோடு வருவாள். கற்பது அதன்பின் தானே தொடங்கும்.

இவ்வாண்டு திருவிழாவிற்குப் பின் இரண்டு பயணங்களையும் தொடங்கலாம் என்பது என் எண்ணம். ஊசி பிடிக்கத் தெரிந்தவர்கள், தெரியாவிடினும் ஆர்வமுள்ளவர்கள், ஆலய அலுவலகத்தில் பெயர் கொடுக்கும்படி அன்புடன் கேட்டுக்கொள்கிறேன். நோட்டும் பென்சிலும் மறவாமல் கொண்டுவாருங்கள். எல்லாம் வல்ல இறைவன் அனைவருக்கும் நல்ல கண்ணும் தளராத கையும் அருள்வானாக.