‘டக்’ என்றது, ஓடவில்லை!

திருவண்ணாமலையில் செங்கம் சாலை வழியே ரமணாசிரமத்தைத் தாண்டிச் சென்றால், இரு புறமும் பிரியும் சந்துகளில் சின்னச் சின்ன இருசக்கர வண்டிப் பட்டறைகளைக் காணலாம். வெளியூரிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வந்து தங்குவோர் வாடகைக்கு எடுக்கும் ஸ்கூட்டர்கள்தாம் இங்கே பெரும்பாலும் பழுதுபார்க்கப்படும். சென்ற கோடை விடுமுறையில் ஒரு ஞாயிறு மாலை, என் ஸ்கூட்டரின் பின்சக்கரப் பஞ்சரை ஒட்டுவதற்காக அப்படி ஒரு பட்டறையில் காத்திருந்தேன். அப்போது ஒரு குட்டியானை வண்டி வந்து நின்றது. அதிலிருந்து இறக்கப்பட்ட பொருளைப் பார்த்ததும் அங்கிருந்த சிறுவர்கள் எல்லோரும் ஓடி வந்துவிட்டார்கள்.

மோட்டார் சைக்கிளைப் போல் கைப்பிடி. ஆனால் நான்கு பருத்த சக்கரங்கள். ‘குவாட் பைக்’ என்று சொல்வார்களே, அதன் சிறுவர் வடிவம். சீனாவில் செய்யப்பட்ட மலிவான வண்டி. எஞ்சின் 110 சி.சி. கூடவே வந்த பையனுக்குப் பதின்மூன்று வயதிருக்கும். தோப்புக்குள் ஓட்டுவதற்காக அவன் தந்தை பழையதாக வாங்கிக் கொடுத்தாராம். பொங்கலுக்குப் பிறகு கொட்டகையில் கிடந்த வண்டி, இப்போது பொத்தானை அழுத்தினால் ‘டக்’ என்று ஒரு சத்தம் மட்டும் போடுகிறது, எஞ்சின் அசைவதில்லை.

“உதைச்சு ஸ்டார்ட் பண்ண வேண்டியதுதானே?” என்று வேடிக்கை பார்த்த ஒருவர் கேட்டார். இந்த வண்டியில் உதைக்கும் கட்டையே கிடையாது. சரி, தள்ளி ஸ்டார்ட் செய்யலாமா? அதுவும் முடியாது. இதிலிருப்பது மையவிலக்கு விசையால் இயங்கும் கிளட்ச். எஞ்சின் வேகமாகச் சுழன்றால்தான் கிளட்சின் கட்டைகள் வெளிப்பக்கம் விரிந்து சக்கரத்தோடு இணையும். எஞ்சின் நின்றிருக்கும்போது சக்கரத்துக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. ஆகவே நீங்கள் சக்கரத்தை எவ்வளவு உருட்டினாலும் எஞ்சினுக்கு அது தெரியாது. ஸ்டார்ட்டர் போனால் வண்டி வெறும் இரும்புதான்!

மெக்கானிக் தம்பி அனுபவசாலி. முதலில் மின்கல அடுக்கை, அதாவது பாட்டரியைப் பார்த்தார். 12.6 வோல்ட் இருந்தது. முதல் நாளே வெளியில் கொடுத்து மின்னேற்றியிருந்தார்கள். பிறகு ஸ்டார்ட்டர் மோட்டாருக்குச் செல்லும் தடித்த கம்பியைக் கழற்றினார். அதன் முனைக்கும் எஞ்சினின் உலோக உடலுக்கும் நடுவே 10 வாட் பல்பு ஒன்றை இணைத்துப் பொத்தானை அழுத்தச் சொன்னார். பல்பு பளிச்சென்று எரிந்தது.

“பாருங்க சார், மோட்டார் வரைக்கும் கரண்ட் நல்லா வருது. அப்போ மோட்டார்தான் போயிடுச்சு. புதுசு ஆர்டர் போடணும்.”

பையனின் முகம் வாடிவிட்டது. “இதுக்கு மேல இந்த வண்டிக்கு ஒத்தப் பைசா செலவு பண்ண மாட்டேன்னு அப்பா சொல்லிட்டார் அண்ணா. பழைய இரும்புக் கடைக்குப் போட்டுடுவார்” என்றான்.

மாணவ நண்பர்களே, இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். மெக்கானிக்கின் வாதம் சரியா? பல்பு எரிகிறது, மோட்டார் ஓடவில்லை, ஆகவே மோட்டார் பழுது. கேட்பதற்குக் குற்றமில்லாமல் இருக்கிறது அல்லவா? ஆனால் இதில் ஓர் ஓட்டை உண்டு. அதைக் கண்டுபிடிக்க உங்கள் பாடப் புத்தகத்திலுள்ள ஓம் விதியே போதும். ஜெர்மானியரான ஜார்ஜ் ஓம் 1827-ல் வெளியிட்ட அந்த விதி, ஒரு மின்தடையின் குறுக்கே விழும் மின்னழுத்தம், மின்னோட்டத்தையும் தடையையும் பெருக்கி வருவது என்கிறது.

10 வாட் பல்பு, 12 வோல்ட்டில் எவ்வளவு மின்னோட்டத்தை எடுக்கும்? பத்தைப் பன்னிரண்டால் வகுத்தால் சுமார் 0.8 ஆம்பியர். வழியில் எங்கோ ஒரு துருப்பிடித்த இணைப்பு இருக்கிறது, அதன் தடை 0.1 ஓம்தான் என்று வைத்துக்கொள்வோம். பல்பு எரியும்போது அங்கே இழக்கப்படும் அழுத்தம் 0.08 வோல்ட். பல்புக்கு இது ஒரு பொருட்டே அல்ல. அதே பாதையில் ஸ்டார்ட்டர் மோட்டாரை மாட்டினால் என்ன ஆகும்? இவ்வளவு சிறிய எஞ்சினின் மோட்டாரும் 40, 50 ஆம்பியர் கேட்கும். 40 ஆம்பியரை 0.1 ஓமால் பெருக்குங்கள். 4 வோல்ட்! பன்னிரண்டில் மூன்றில் ஒரு பங்கு வழியிலேயே திருடு போய்விடுகிறது. ஓடையில் ஒரு சிறு கல், மெல்லிய நீரோட்டத்தைத் தடுப்பதில்லை. வெள்ளம் வரும்போதுதான் அது இருப்பது தெரிகிறது.

ஆக, பல்புச் சோதனை கம்பி அறுந்துவிடவில்லை என்பதைத்தான் காட்டும். கம்பி ‘நன்றாக’ இருக்கிறது என்பதைக் காட்டாது. மல்ட்டிமீட்டரை ஓம் அளவில் வைத்துப் பார்த்தாலும் பயனில்லை. அந்த மீட்டரின் சோதனைக் கம்பிகளுக்கே 0.1 ஓம் அளவுக்குத் தடை இருக்கும். மோட்டார் மின்னோட்டத்தை இழுக்கிற அந்த நொடியில் வோல்ட்டை அளப்பது ஒன்றே வழி.

“தம்பி, மோட்டார் கம்பியை மறுபடி மாட்டுங்கள். மீட்டரை இப்படிக் கொடுங்கள்” என்றேன். கல்லூரியில் இருபது ஆண்டுகளாக ஓம் விதியை நடத்தி வருகிறேன். பட்டறையில் அதைப் பயன்படுத்த எனக்குக் கிடைத்த வாய்ப்புகள் மிகக் குறைவு என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

பையனைப் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு இரண்டே நொடி பொத்தானை அழுத்தச் சொன்னோம். (பிரேக்கைப் பிடிக்காவிட்டால் இவ்வகை வண்டிகள் பலவற்றில் ஸ்டார்ட்டர் வேலை செய்யாது. பிரேக் நெம்பின் அடியிலுள்ள சிறு சுவிட்சில் மண் புகுந்தால் ‘டக்’ சத்தம்கூட வராது. எனவே சத்தமே வராத வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது அந்த சுவிட்சையும் ஃபியூஸையும்தான்.) ஒவ்வோர் அளவுக்கும் நடுவே அரை நிமிடம் ஓய்வு கொடுத்தோம். பொத்தானை அழுத்தியபோது பாட்டரியின் இரு முனைகளுக்கு இடையே 11.6 வோல்ட். நேர் முனையிலிருந்து மோட்டாரின் முனை வரை 0.5 வோல்ட் இழப்பு, அதைப் பொறுத்துக்கொள்ளலாம். மோட்டாரின் குறுக்கே 6.9 வோல்ட்தான். அப்படியானால் மீதி 4.2 வோல்ட் எங்கே? மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் எதிர் முனையிலும் மறு முனையை எஞ்சினின் உலோகத்திலும் வைத்தேன். மீட்டர் 4.2 என்று காட்டியது. கூட்டிப் பாருங்கள், கணக்கு நேராகும்.

திருடன் அகப்பட்டான்! பாட்டரியின் எதிர் முனையிலிருந்து வரும் கறுப்புக் கம்பி, இருக்கைக்கு அடியில் வண்டியின் சட்டத்தில் ஒரு போல்ட்டால் முடுக்கப்பட்டிருந்தது. தொழிற்சாலையில் சட்டத்துக்குப் பெயின்ட் அடித்த பிறகு, அதைச் சுரண்டாமலே கம்பியை வைத்து முடுக்கிவிட்டார்கள். பெயின்ட் மின்சாரத்தைக் கடத்தாது. போல்ட்டின் மரை வழியாகத்தான் இத்தனை நாள் மின்னோட்டம் போய்க்கொண்டிருந்தது. தோப்பின் புழுதியும் ஒரு மழைக்கால ஈரமும் சேர்ந்து அந்த மரையையும் துருவாக்கிவிட்டன. மெக்கானிக் அந்தப் போல்ட்டின் மேல் விரலை வைத்துவிட்டு வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். சுடாமல் என்ன செய்யும்? 4.2 வோல்ட்டை 42 ஆம்பியரால் பெருக்கினால் 176 வாட். ரேடியோ பழுதுபார்ப்பவர் பயன்படுத்தும் 25 வாட் பற்றவைப்புக் கோல் ஏழு, அந்த ஒரு போல்ட்டில்! மீட்டர் இல்லாத இடத்தில் இந்தச் சூடே ஒரு துப்பு.

போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் இரும்பு பளபளக்கும் வரை தேய்த்து, கம்பியின் வளையத்தையும் தேய்த்து, இறுக முடுக்கி, மேலே சிறிது கிரீஸ் தடவினார். மறுபடி பொத்தான். எஞ்சின் ‘குர்ர்’ என்று சுழன்றது. மூன்றாவது முயற்சியில் பற்றிக்கொண்டது. செலவு, அரைத் துண்டு உப்புத்தாள்.

இந்த மோட்டார் ஏன் இவ்வளவு மின்னோட்டத்தைக் கேட்கிறது என்பதையும் பார்த்துவிடுவோம். மோட்டாரின் சுருள் காந்தப் புலத்தில் சுழலும்போது, மின்னாக்கியில் நடப்பதைப் போலவே அதிலும் ஒரு மின்னழுத்தம் தோன்றுகிறது. அது பாட்டரியை எதிர்த்து நிற்பதால் மின்னோட்டம் குறைகிறது. சுழலாமல் நிற்கும் மோட்டாரில் இந்த எதிர்ப்பு இல்லை. சுருளின் சொற்பத் தடை மட்டுமே. ஆகவே அசையாத மோட்டார்தான் மிக அதிக மின்னோட்டத்தை விழுங்கும். பொத்தானை விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தால் சுருளின் காப்பு கருகிவிடும். ஐந்து நொடிக்கு மேல் அழுத்தாதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

இந்தக் குறையையே ஒருவர் வசதியாக மாற்றிக்கொண்டார். முன்பெல்லாம் காரின் முன்பக்கத்தில் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுழற்றித்தான் எஞ்சினைக் கிளப்புவார்கள். எஞ்சின் எதிர்ப்பக்கம் உதைத்தால் மணிக்கட்டு முறிந்துவிடும். அம்பாசடர் கார்களிலும் அந்தக் கைப்பிடி இருந்தது; உங்கள் தாத்தாவைக் கேட்டால் சொல்வார். அமெரிக்கரான சார்லஸ் கெட்டரிங், கடைகளில் பணம் வாங்கும் இயந்திரத்துக்கு மின்மோட்டார் பொருத்தியவர். காரைக் கிளப்பப் பெரிய மோட்டார் வேண்டும், அதைக் காரில் வைக்க இடமில்லை என்று மற்றவர்கள் கருதியபோது, சில நொடிகள்தானே ஓட வேண்டும், சிறிய மோட்டாரை அதன் சக்திக்கு மீறி உழைக்க வைத்தால் என்ன என்று அவர் யோசித்தார். 1911-ல் அவர் உருவாக்கிய ஸ்டார்ட்டர் 1912-ஆம் ஆண்டின் காடிலாக் கார்களில் இடம்பெற்றது. நம் மாநிலத்தில் சென்னைக்கு அருகே பாடியில் 1961-ல் தொடங்கப்பட்ட லூகாஸ் டி.வி.எஸ். நிறுவனம் இத்தகைய மோட்டார்களைச் செய்து வருகிறது. இருசக்கர வண்டிகளுக்கு இந்த வசதி வரத் தாமதமாயிற்று. 1980-ல் ஓசூரிலிருந்து வந்த டி.வி.எஸ். 50 வண்டியைச் சைக்கிளைப் போல் பெடல் மிதித்துத்தான் கிளப்ப வேண்டும்.

நாம் கேட்ட அந்த ‘டக்’ எங்கிருந்து வந்தது? கைப்பிடியில் உள்ள சிறு பொத்தான் 40 ஆம்பியரைத் தாங்காது, உருகிவிடும். எனவே பொத்தான் ஒரு சிறு மின்காந்தத்தை மட்டும் இயக்குகிறது. அந்த மின்காந்தம் இரும்புத் தண்டை இழுத்துத் தடித்த செம்பு முனைகளை இணைக்கிறது. இதுவே ரிலே. ‘டக்’ என்பது தண்டு மோதும் ஒலி. சில வண்டிகளில் ஒரு ‘டக்’குக்குப் பதிலாகக் ‘கடகடகட’ என்று கேட்கும். அப்போது பாட்டரியைச் சந்தேகியுங்கள். ரிலே இணைந்ததும் மோட்டார் இழுக்கும் இழுப்பில் சோர்ந்த பாட்டரியின் அழுத்தம் சரிகிறது, மின்காந்தம் பிடியை விடுகிறது, இணைப்பு விலகியதும் அழுத்தம் மீள்கிறது, மறுபடி பிடிக்கிறது. உங்கள் பள்ளி ஆய்வகத்து மின்சார மணியும் கிட்டத்தட்ட இப்படித்தான் அடிக்கிறது. மாதக்கணக்கில் மின்னேற்றாமல் விட்ட ஈய-அமிலப் பாட்டரியின் தகடுகளில் ஈய சல்ஃபேட் கெட்டிப் படிகமாகிவிடும். நம் ஊர் வெயிலில் அது இன்னும் விரைவாக நடக்கும்.

ஒரு காரியத்தை மட்டும் நீங்கள் ஒருபோதும் செய்யக்கூடாது. ரிலேயின் இரு முனைகளையும் திருப்புளியால் குறுக்கே இணைத்து எஞ்சினைக் கிளப்புவது பட்டறைகளில் சாதாரணம். இப்படிச் செய்தால் பிரேக் சுவிட்ச் உள்ளிட்ட எல்லாக் காவல்களையும் தாண்டிவிடுகிறீர்கள். அந்த நேரத்தில் முடுக்கிக் கம்பி சிக்கிக்கொண்டிருந்தால், எஞ்சின் கிளம்பியதும் கிளட்ச் பிடித்து வண்டி தானே பாயும். “போன வருஷம் அப்படித்தான் சார் ஒரு வண்டி பாஞ்சு, முன்னாடி உக்காந்திருந்த நம்ம பையன் முட்டியப் பேத்துடுச்சு” என்று மெக்கானிக் சொன்னார். அவருடைய உதவியாளன் காற்சட்டையைச் சுருட்டித் தழும்பைக் காட்டினான். அவனுக்கும் வண்டிக்கார பையனுக்கும் வயதில் பெரிய வித்தியாசமில்லை.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தபோது பையன் கேட்டான்: “சார், மோட்டாரே மின்சாரமும் உண்டாக்கும்னா, ஸ்டார்ட் பண்ண ஒண்ணு, பாட்டரிக்குச் சார்ஜ் ஏத்த ஒண்ணுன்னு எதுக்கு ரெண்டு?”

நல்ல கேள்வி! அந்த இரண்டையும் ஒன்றாக்கிய வண்டிகள் வந்துவிட்டன. 2018-ல் வந்த டி.வி.எஸ். எக்ஸ்.எல். 100 வகையிலும், 2020-ல் வந்த ஹோண்டா ஆக்டிவா 6ஜி-யிலும் மின்னாக்கியே ஸ்டார்ட்டராகவும் வேலை செய்கிறது. பல்சக்கர உராய்வு இல்லாததால் கிளம்பும்போது சத்தமும் அதிகமில்லை. அடுத்த முறை யாராவது அந்த வண்டியைக் கிளப்பும்போது காது கொடுத்துக் கேளுங்கள்.

வண்டியை ஓட்டிக்கொண்டே வீட்டுக்குப் போகலாம் என்று பையன் ஏறி உட்கார்ந்துவிட்டான். மெக்கானிக் சாவியை எடுத்துக்கொண்டார். பதிவு எண் இல்லாத வண்டி சாலையில் ஓடக்கூடாது, 50 சி.சி. வரையிலான கியர் இல்லாத வண்டிக்கே பதினாறு வயது ஆகியிருக்க வேண்டும். நான்கு பேர் சேர்ந்து அதை மறுபடி குட்டியானையில் ஏற்றினார்கள். தலைக்கவசம் வாங்கி மாட்டினால்தான் தோப்புக்குள்ளும் சாவி என்று மெக்கானிக் அவன் தந்தையிடம் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குள் என் ஸ்கூட்டரின் பஞ்சரும் ஒட்டி முடிந்திருந்தது.