மூடியிருக்கும் கதவை நம்பாதீர்கள்

மணலியில் நண்பர் ஒருவர் சின்னதாக ஒரு குடோன் வைத்திருக்கிறார். வாசலில் இருந்த ரோலிங் ஷட்டர் எண்ணூர்ப் பக்கத்து உப்புக்காற்றில் அரித்துப் போய், தூக்கவே இரண்டு ஆள் தேவைப்பட்டது. அதைக் கழற்றிவிட்டு, பலகை பலகையாக மேலே ஏறி கூரைக்குக் கீழே படுத்துக்கொள்ளும் 'செக்‌ஷனல்' கதவு போட முடிவு செய்தார். "எதையாவது நோண்டிக்கிட்டே இருப்பியே, வந்து பாரு" என்று கூப்பிட்டார். போனேன்.

மதியம் மூன்று மணி இருக்கும். கதவு முழுக்க ஏறிவிட்டது. ஃபிட்டர் ஏணியில் நின்று, வாசலுக்கு மேலே இருந்த ஸ்பிரிங்கை முறுக்கிக்கொண்டிருந்தார். ஸ்பிரிங்கின் முனையில் ஓட்டை போட்ட ஒரு வார்ப்பு இருக்கும். அந்த ஓட்டையில் அவர் விட்டுத் திருப்பியது ஒரு பெரிய ஸ்க்ரூடிரைவர்.

"அண்ணே, இதுக்குன்னு ராடு வரும்ல?"

"பத்து வருஷமா இதுதான் சார் நமக்கு."

ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. 'டங்' என்று ஒரு சத்தம். ஸ்க்ரூடிரைவர் அவர் காதோரமாகப் பறந்து எதிர்ச் சுவர்த் தகரத்தில் ஓட்டை போட்டது. உதவிக்கு வந்த பையன் டீ வாங்கப் போயிருந்தான். போகாமல் இருந்திருந்தால் அந்த இடத்தில்தான் நின்றிருப்பான். ஃபிட்டர் சிரித்தபடியே இறங்கினார். ஆனால் டீ கிளாஸைப் பிடித்தபோது கை நடுங்கியது.

ஒரு கதவில் இவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது? அன்று ராத்திரியிலிருந்து படித்ததையும் கணக்குப் போட்டதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

கதவைத் தூக்குவது யார்?

மேலே ஏறும் இந்தக் கதவை 1921-ல் அமெரிக்காவில் சி.ஜி. ஜான்சன் உருவாக்கினார். 1926-ல் அதற்கு மின்சார மோட்டாரும் கொண்டுவந்தார். பலருக்கும் மோட்டார்தான் கதவைத் தூக்குகிறது என்று நினைப்பு. கிடையாது. தூக்குவது ஸ்பிரிங். மோட்டார் வெறுமனே வழிநடத்துகிறது, அவ்வளவுதான்.

வாசலுக்கு மேலே ஒரு ஷாஃப்ட். அதில் முறுக்கிய ஸ்பிரிங்குகள். ஷாஃப்டின் இரண்டு முனையிலும் ஆளுக்கொரு டிரம். டிரம்மில் சுற்றிய வயர் ரோப் கீழே இறங்கி, கதவின் அடிப்பலகையில் மாட்டியிருக்கும். கிணற்று ராட்டினத்தில் குடம் தொங்குகிற மாதிரி கதவு அந்த ரோப்பில் தொங்குகிறது.

கதவு மூடியிருக்கும்போது முழு எடையும் ரோப்பில் இருக்கிறது. ஸ்பிரிங்கும் முழுக்க முறுக்கியிருக்கிறது. கதவு மேலே ஏற ஏற பலகைகள் ஒவ்வொன்றாகப் படுக்கை டிராக்குக்குள் போய்விடும். தொங்கும் எடை குறையும். அதே வேகத்தில் ஸ்பிரிங்கின் முறுக்கும் தளரும். இரண்டும் கூடவே குறைவதால்தான் எந்த உயரத்திலும் ஒற்றைக் கையால் நகர்த்த முடிகிறது.

இதிலிருந்து ஒரு விஷயம் கிடைக்கிறது. திறந்த கதவு தலையில் விழுமோ என்றுதான் எல்லோரும் பயப்படுகிறோம். அந்த பயமும் நியாயம்தான். ஆனால் ஸ்பிரிங்கில் அதிக விசை தேங்கியிருப்பது, கதவு சத்தமில்லாமல் மூடிக் கிடக்கும்போது.

ஒரு சின்ன கணக்கு

கதவு 150 கிலோ, உயரம் 3 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மூடிய நிலையிலிருந்து திறந்த நிலைக்குப் போகும்போது அதன் எடை சராசரியாக ஒன்றரை மீட்டர் உயர்கிறது. இதற்கு வேண்டிய ஆற்றல் சுமார் 2,200 ஜூல். 50 கிலோ சிமெண்ட் மூட்டை நாலரை மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் எவ்வளவோ, அவ்வளவு. கதவு மூடியிருக்கும் ஒவ்வொரு நிமிடமும் அந்த மூட்டை ஸ்பிரிங்குக்குள் காத்துக்கொண்டிருக்கிறது.

4 அங்குல டிரம்மின் சுற்றளவு ஏறக்குறைய ஒரு அடி. அதனால் ஒரு அடி உயரத்துக்கு ஒரு சுற்று. 10 அடிக் கதவுக்குச் சுமார் 10 சுற்று. கையால் ஒரு தடவைக்குக் கால் சுற்றுதான் திருப்ப முடியும். ஆக ஒரு ஸ்பிரிங்குக்கு 40 தடவை, இரண்டுக்கும் சேர்த்து 80 தடவை ராடை மாற்றி மாற்றிச் செருக வேண்டும். இதில் ஒரே ஒரு தடவை நழுவினால் போதும்.

கடைசிக் கால் சுற்றில் ஒவ்வொரு ஸ்பிரிங்கிலும் சுமார் 37 நியூட்டன் மீட்டர் முறுக்கு இருக்கும். 45 செ.மீ. ராடு என்றால் கைக்கு வருவது 8 கிலோ. 20 செ.மீ. ஸ்க்ரூடிரைவர் என்றால் 19 கிலோ. போதாததற்கு ஸ்க்ரூடிரைவர் ஓட்டையில் இறுக்கமாக உட்காராது. அது கடினப்படுத்திய எஃகு வேறு, வளையாமல் உடையும்.

சுவர் எதைத் தாங்குகிறது?

யூடியூப் வீடியோக்களில் பெரும்பாலானவை அமெரிக்க மர வீடுகள். மரச்சட்டத்தில் நீள ஸ்க்ரூவை ஏற்றிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறார்கள். நம்ம ஊரில் செங்கல், ஹாலோ பிளாக், மேலே பூச்சு. ஸ்பிரிங்குகளைப் பிடித்திருக்கும் நடு பிராக்கெட்தான் மொத்த முறுக்கையும் வாங்குகிறது. மேல் போல்ட்டுக்கும் பிராக்கெட்டின் கீழ் விளிம்புக்கும் 10 செ.மீ. இடைவெளி என்றால், அந்த போல்ட்டைச் சுவரிலிருந்து பிடுங்கும் இழுப்பு சுமார் 75 கிலோ. கதவு மூடியிருக்கும் நேரமெல்லாம் அது இருக்கும். ஹாலோ பிளாக்கில் பிளாஸ்டிக் பிளக் அடித்தால் எத்தனை நாள் தாங்கும்?

கான்கிரீட் லிண்டலில் ஆங்கர் போல்ட் போட வேண்டும். லிண்டல் எட்டாவிட்டால் தூணுக்குத் தூண் ஒரு இரும்பு சேனல் வைத்து, அதில் பிராக்கெட்டைப் பிடிக்க வேண்டும். மணலிக்காரர்களுக்கு இது பெரிய வேலையில்லை. சேனல் வாங்க சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட் பக்கத்திலேயே இருக்கிறது.

எந்த வேலை முதலில், எது கடைசியில்

முதலில் வாசல். தூக்குக்குண்டும் ரசமட்டமும் வைத்து இரண்டு பக்கத்தையும் பார்க்கணும். தரை தண்ணீர் வடிவதற்காகச் சாய்வாக இருந்தாலும் அடிப்பலகை மட்டமாகத்தான் உட்கார வேண்டும். சாய்வை அடி ரப்பர் பார்த்துக்கொள்ளும்.

ரோப் மாட்டும் அடி பிராக்கெட்டை ஆரம்பத்திலேயே இறுக்கிவிட வேண்டும். ஸ்பிரிங் முறுக்கிய பிறகு அந்த போல்ட்டில் ஸ்பானர் படவே கூடாது. முழு இழுவிசையும் அங்கேதான் முடிகிறது.

படுக்கை டிராக்கின் பின்முனையைக் கூரை இரும்பிலிருந்து ஆங்கிள் போட்டுத் தொங்கவிடாமல் கதவைத் தூக்கிப் பார்க்கக் கூடாது. "சும்மா ஒரு தடவை ஏத்திப் பார்ப்போம்" என்ற ஆர்வத்தில் 150 கிலோவும் டிராக்கோடு இறங்கிவிடும்.

ஸ்பிரிங் முறுக்குவது அதற்குப் பிறகுதான். கதவு முழுக்கக் கீழே இருக்கணும். ரோலருக்கு மேலே டிராக்கில் ஒரு கிளாம்ப் பூட்ட வேண்டும். இல்லையென்றால் முறுக்க முறுக்கக் கதவு தானே எழும்பும். ஸ்பிரிங்கின் நீளத்துக்கு சாக்பீஸால் ஒரு நேர்கோடு போட்டுக்கொண்டால், முறுக்கும்போது அது கொடி மாதிரி சுற்றிக்கொள்ளும். எத்தனை சுற்று என்று அதிலேயே எண்ணிவிடலாம். ஓட்டைக்குச் சரியாகப் பொருந்தும் இரண்டு இரும்பு ராடு வேண்டும். இரண்டாவது ராடு அடிவரை உள்ளே போன பிறகே முதல் ராடை எடுக்க வேண்டும். முகமும் உடம்பும் ராடு சுழலும் பாதைக்கு நேராக இல்லாமல், பக்கவாட்டில் இருக்கணும். ஏணிக்குக் கீழே யாரும் நிற்கக் கூடாது.

முறுக்கி, ஸ்க்ரூக்களை இறுக்கி, கிளாம்பை எடுத்த பிறகு கதவை இடுப்பு உயரத்துக்குக் கையால் தூக்கி விட்டுப் பாருங்கள். அங்கேயே நின்றால் சரி. இறங்கினால் முறுக்கு குறைவு, ஏறினால் அதிகம். கதவை மறுபடி மூடி, கிளாம்பைப் பூட்டிவிட்டுத்தான் திருத்த வேண்டும்.

மோட்டார் கடைசி. கையால் சரியாக ஓடாத கதவுக்கு மோட்டார் போட்டால் பிழை மறையும், போகாது. அமெரிக்காவில் வீட்டு கேரேஜ் மோட்டார்களுக்கு, வழியில் யாராவது இருந்தால் கதவு திரும்பி ஏறும் பாதுகாப்பை 1993 முதல் சட்டமே கட்டாயமாக்கியது. அதற்கு முன்னால் குழந்தைகள் கதவுக்கடியில் சிக்கி இறந்திருக்கிறார்கள். தரையிலிருந்து 15 செ.மீ.க்குள் வைக்கும் அந்த சென்சார் கண்ணை, 'லாரி வரும்போது தொந்தரவு' என்று டேப் ஒட்டி ஏமாற்றுகிறவர்கள் இதை நினைத்துக்கொள்ளவும்.

கரண்ட் போனால் மோட்டாரை விடுவிக்க ஒரு கயிறு தொங்கும். ஸ்பிரிங் உடைந்து, கதவு திறந்த நிலையில் நிற்கும்போது அதை இழுத்தால், தாங்க ஆளில்லாமல் கதவு அப்படியே விழும். கயிற்றைத் தொடும் முன் மேலே ஒரு தடவை அண்ணாந்து பாருங்கள். ஸ்பிரிங்கில் இடைவெளி தெரிந்தால் கையை எடுத்துவிடுங்கள்.

ஆயுள்

சாதாரண ஸ்பிரிங்குக்குச் சொல்லப்படும் ஆயுள் 10,000 தடவை திறந்து மூடுவது. வீட்டில் ஒரு நாளைக்கு 4 தடவை என்றால் கிட்டத்தட்ட ஏழு வருஷம். லாரி வந்துபோகும் குடோனில் 40 தடவை என்றால் 250 நாள்! துரு பிடித்தால் அதுவும் இல்லை. வீட்டுக் கதவின் ஸ்பிரிங்கை 'விலை கம்மி' என்று குடோனுக்கு வாங்குகிறவர் ஒரு வருஷத்துக்குள் உடையப்போகும் பொருளை வாங்குகிறார். எத்தனை தடவைக்கான ஸ்பிரிங் என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள்.

அந்த ஃபிட்டரைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. ரோலிங் ஷட்டரில் ஸ்பிரிங் உருளைக்குள் ஒளிந்திருக்கும். அதில் பழகிய கை அவருடையது. புதுக் கதவைக் கொடுத்தவர்கள் அதற்கான கருவியையும் கொடுத்து, ஒரு நாள் உட்கார்ந்து சொல்லியும் கொடுத்திருக்க வேண்டும். யாரும் செய்யவில்லை.

மறுநாள் நண்பர் அந்த வார்ப்பின் ஓட்டையை அளந்து, லேத் பட்டறையில் 45 செ.மீ. நீளத்தில் இரண்டு ராடு கடைந்து வாங்கினார். ஃபிட்டர் அதை வைத்து இரண்டாவது ஸ்பிரிங்கை முறுக்கி முடித்தார். பையனை வெளியே நிற்கச் சொன்னது அவரேதான். கிளம்பும்போது ராடுகளைத் துடைத்துத் திருப்பிக் கொடுக்க வந்தார்.

"உங்ககிட்டயே இருக்கட்டும்ணே" என்றார் நண்பர்.