அழுகிற குழந்தைக்கு ‘நெட்டி’ எடுக்கலாமா? கைரோபிராக்டிக் எந்த வயதில் சரி, எந்த வயதில் ஆபத்து?

பிறந்து 40 நாள் ஆன குழந்தை. சாயங்காலம் 6 மணிக்கு அழ ஆரம்பித்தால் 9 மணி வரை நிறுத்துவதில்லை. தட்டாஞ்சாவடியில் அப்படி ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். “உரம் விழுந்திருக்கும், புடவையில போட்டு உருட்டினா சரியாயிடும்” என்பார் பாட்டி. பிரான்ஸில் இருக்கும் சித்தி வாட்ஸ்அப் காலில், “இங்கல்லாம் குழந்தை பொறந்தா ஓஸ்தியோகிட்டதான் காட்டுவோம்” என்பார். அப்பாவின் போனிலோ, ஒரு கைரோபிராக்டர் கைக்குழந்தையின் முதுகை அழுத்தி விடும் ரீல் ஓடிக்கொண்டிருக்கும். கமென்ட் முழுக்க ஹார்ட்டின்.

பாட்டி, சித்தி, ரீல் மூன்றும் சொல்வது ஏறக்குறைய ஒன்றேதான். உள்ளே ஏதோ இடம் மாறியிருக்கிறது, கை வைத்தால் சரியாகிவிடும். உண்மையில் சரியாகுமா?

கைரோபிராக்டிக் என்பது முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் அழுத்தி, திருப்பி, சட்டென்று ஓர் உந்து கொடுத்துச் சரிசெய்வதாகச் சொல்லும் முறை. 1895-ல் அமெரிக்காவின் ஐயோவா மாகாணத்தில் டி.டி. பால்மர் என்பவர் தொடங்கியது. முதுகெலும்பு லேசாக விலகுவதுதான் பெரும்பாலான நோய்களுக்குக் காரணம் என்றார் அவர். இன்றைய மருத்துவம் அதை ஏற்கவில்லை. அப்புறம் அந்த ‘டக்’ சத்தம். எலும்பு இடத்தில் போய் உட்காரும் சத்தம் இல்லை அது. மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் வாயு வெற்றிடம் உருவாவதால் வருவது. சலூனில் கழுத்தைத் திருப்பி நெட்டி எடுக்கும்போது கேட்பதும் இதே சத்தம்தான்.

பெரியவர்களின் இடுப்பு வலிக்கு இந்த முறை ஓரளவு பலன் தருவதாக ஆய்வுகள் உண்டு. ஆனால் குழந்தை என்பது சின்ன சைஸ் பெரியவர் அல்ல.

கைக்குழந்தை: ‘பலன்’ எங்கிருந்து வருகிறது?

கைக்குழந்தைகளைக் கைரோபிராக்டரிடம் கொண்டுபோகும் முக்கியக் காரணங்களில் ஒன்று கோலிக், அதாவது காரணமே தெரியாத தொடர் அழுகை. இது பிறந்த 2, 3 வாரத்தில் தொடங்கி, 6 வாரம் வாக்கில் உச்சத்துக்குப் போய், 3, 4 மாதத்தில் தானாகவே அடங்கிவிடும். சிக்கலே இங்கேதான். பெற்றோர் தாங்க முடியாமல் எங்காவது தூக்கிக்கொண்டு ஓடுவது, அழுகை உச்சத்தில் இருக்கும் 6, 7-வது வாரத்தில். அதற்குப் பிறகு எதைச் செய்தாலும், ஒன்றுமே செய்யாவிட்டாலும், அழுகை குறையத்தான் போகிறது. நல்ல பெயர் மட்டும் கடைசியாகக் கை வைத்தவருக்குப் போய்விடும்.

2012-ல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, 325 குழந்தைகள் பங்கேற்ற 6 சோதனைகளை எடுத்துப் பார்த்தது. அழுகை குறைந்ததாகத்தான் மேலோட்டமாகத் தெரிந்தது. ஆனால் தங்கள் குழந்தைக்குச் சிகிச்சை நடந்ததா இல்லையா என்று பெற்றோருக்கே தெரியாதபடி நடத்தப்பட்ட சோதனைகளை மட்டும் தனியே பிரித்துப் பார்த்தபோது, உறுதியாகச் சொல்லும்படி பலன் எதுவும் இல்லை.

ஆஸ்திரேலியாவை உலுக்கிய வீடியோ

2019 பிப்ரவரியில் ஒரு வீடியோ ஆஸ்திரேலியாவில் பெரிய சர்ச்சையானது. மெல்போர்னில் ஒரு கைரோபிராக்டர், 2 வாரமே ஆன குழந்தையின் கணுக்காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடுகிறார், ஸ்பிரிங் கருவியை முதுகில் வைத்து அழுத்துகிறார். குழந்தை வீறிட்டு அழுகிறது. அடுத்த மாதமே, 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு முதுகெலும்பைக் கையாளும் சிகிச்சை கூடாது என்று அந்நாட்டு கைரோபிராக்டிக் வாரியம் இடைக்காலத் தடை போட்டது.

விக்டோரியா மாகாண அரசு தனி விசாரணையும் நடத்தியது. 29,000-க்கும் மேற்பட்டோர் கருத்து அனுப்பினார்கள். முடிவு கொஞ்சம் எதிர்பாராதது. ஆஸ்திரேலியாவில் குழந்தைகளுக்குப் பெரிய பாதிப்பு நேர்ந்ததற்கான ஆதாரம் மிகக் குறைவு. கருத்து அனுப்பிய பெற்றோரில் மிகப் பெரும்பாலானோர் திருப்தியாகவே இருந்தார்கள். அதேநேரம், பலன் கிடைக்கிறது என்பதற்கு உறுதியான ஆதாரமும் கிடைக்கவில்லை. கோலிக், காது தொற்று, படுக்கையில் சிறுநீர் கழித்தல், ஆஸ்துமா, ஆட்டிசம் போன்றவற்றுக்காக 12 வயதுக்கு உட்பட்ட யாருக்கும் இதைச் செய்யக் கூடாது என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. 2023 இறுதியில் வாரியம் தடையைத் தளர்த்தியது. சுகாதார அமைச்சர்கள் கொதித்ததும், 2024 ஜூனில் தடை திரும்ப வந்தது.

‘பெருசா பாதிப்பு இல்லைன்னா பண்ணிப் பார்த்தா என்ன?’ என்று தோன்றுவது இயல்பு. அதற்குப் பதில் 2007-ல் ‘பீடியாட்ரிக்ஸ்’ இதழில் வந்த ஓர் ஆய்வில் இருக்கிறது. குழந்தைகளுக்கு முதுகெலும்புச் சிகிச்சை அளித்தது பற்றி அதுவரை பதிவான பாதிப்புகளை அது திரட்டியது. சிகிச்சையால் நேரடியாகப் பாதிப்பு வந்தவை 14. அதில் 9 கடுமையானவை. மூளையைச் சுற்றி ரத்தக்கசிவு, கால்கள் செயலிழப்பு வரை போனவை. இன்னொரு 20 குழந்தைகளுக்கு ஆபத்து வேறு வழியில் வந்தது. நீரிழிவு, புற்றுநோய்க் கட்டி, மூளைக்காய்ச்சல் என்று உள்ளே வேறு நோய் இருக்க, முதுகுக்குச் சிகிச்சை நடந்திருக்கிறது அல்லது சரியான நோய் தாமதமாகத் தெரிந்திருக்கிறது.

அந்த 20 என்ற எண்ணைத்தான் நான் பெரிதாகப் பார்க்கிறேன். கை வைத்ததால் வந்ததைவிட, கை வைத்து நாளைக் கடத்தியதால் வந்தது அதிகம்.

பாட்டி சொல்லும் ‘உரம்’ விஷயமும் இதுவே. தூக்கினால் வீறிடுகிறது, ஒரு கையை மட்டும் அசைக்கவில்லை என்றால், பிரசவத்தின்போது காறை எலும்பு முறிந்திருக்கலாம். அது பெரும்பாலும் தானே கூடிவிடும். உருட்டினால் வலிதான் கூடும். மூட்டில் சீழ் பிடித்திருந்தாலும் இதே அறிகுறிதான். அதற்கு ஒரு நாள் தாமதம்கூட மூட்டைக் கெடுத்துவிடும். இதமான சூட்டில் எண்ணெய் தடவி, லேசாக நீவிக் குளிப்பாட்டுவதைத் தப்பு என்று யாரும் சொல்லவில்லை. தலை நிற்காத குழந்தையைப் புடவையில் உருட்டுவதும் தலைகீழாகத் தூக்குவதும் வேறு.

சித்தி விஷயத்துக்கும் வருவோம். ஆஸ்டியோபதி என்பது கைரோபிராக்டிக் இல்லை, பங்காளி மாதிரி. பிரான்ஸில் அதற்குச் சட்ட அங்கீகாரம் இருக்கிறது, உண்மைதான். ஆனால் 2007-ல் வந்த அரசாணைப்படி, 6 மாதத்துக்கு உட்பட்ட குழந்தையின் தலை, முகம், முதுகெலும்பில் கை வைக்க வேண்டுமானால், முதலில் ஒரு டாக்டர் பரிசோதித்து ‘தடையில்லை’ என்று சொல்ல வேண்டும். வாட்ஸ்அப் காலில் இந்த வரி மட்டும் விட்டுப்போகும்.

கைக்குழந்தைக்குக் கையால் செய்யும் சிகிச்சை எதுவுமே உதவாது என்றில்லை. கழுத்து ஒரு பக்கமாகவே சாய்ந்திருக்கும் டார்ட்டிகாலிஸ் பிரச்சினைக்கு, பிஸியோதெரபிஸ்ட் சொல்லித்தரும் மென்மையான நீட்சிப் பயிற்சி நன்றாகவே வேலை செய்யும். முதல் 3 மாதத்துக்குள் ஆரம்பித்தால் இன்னும் சீக்கிரம். அதில் ‘டக்’ சத்தத்துக்கு வேலையே இல்லை.

ஸ்கூல் போகும் வயது

5 வயது வரை தூக்கத்தில் சிறுநீர் போவது இயல்பு. அதற்கு முதுகை அழுத்த வேண்டியதில்லை. இரண்டு காலும் ராத்திரி வலித்து, காலையில் ஓடியாடினால் அது வளர்ச்சி வலியாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் சின்னக் குழந்தை ‘முதுகு வலிக்குது’ என்றால் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வலி தூக்கத்திலிருந்து எழுப்புகிறதா, காய்ச்சல் வருகிறதா, எடை குறைகிறதா, நடை தள்ளாடுகிறதா? நம் ஊரில் முதுகெலும்பு காசநோய் இன்னும் இருக்கிறது. எக்ஸ்ரே கூட எடுக்காமல் அப்படிப்பட்ட முதுகை யாராவது அழுத்தினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

ஸ்கூல் பேக்? 2020-ல் வந்த மத்திய அரசின் கொள்கைப்படி, குழந்தையின் எடையில் 10 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. 30 கிலோ பிள்ளைக்கு 3 கிலோ. வீட்டுத் தராசில் இன்று ராத்திரியே வைத்துப் பாருங்கள்.

டீன்ஏஜ்: இங்கே மட்டும் கொஞ்சம் வேறு கதை

12 முதல் 18 வயதுவரை, நாள்பட்ட இடுப்பு வலி இருந்த 185 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த சோதனையின் முடிவு 2018-ல் வெளியானது. வெறும் உடற்பயிற்சி செய்தவர்களைவிட, உடற்பயிற்சியோடு முதுகெலும்புச் சிகிச்சையும் எடுத்தவர்களுக்கு ஓராண்டில் வலி கூடுதலாகக் குறைந்திருந்தது. வித்தியாசம் பெரிதல்ல, ஆனால் இருந்தது. ஆக, வேறு நோய் இல்லை என்று டாக்டர் உறுதிசெய்த பிறகு, 16 வயதுப் பையன் இடுப்பு வலிக்கு இதை முயன்று பார்ப்பதும், 16 நாள் குழந்தைக்குச் செய்வதும் ஒரே விஷயம் இல்லை.

முதுகு பக்கவாட்டில் வளையும் ஸ்கோலியோசிஸுக்கு மட்டும் இதை நம்பி உட்காராதீர்கள். வளர்ச்சி வேகமாக இருக்கும் 10 வயதுக்கு மேல்தான் இது அதிகம் தெரிய வரும். பெண் பிள்ளைகளுக்கு வளைவு கூடும் வாய்ப்பு அதிகம். குனியச் சொல்லிப் பின்னாலிருந்து பார்த்தால், ஒரு பக்க விலா மேடாகத் தெரியும். 2013-ல் வெளியான ஆய்வில், பிரேஸ் அணிந்தவர்களில் 72 சதவீதம் பேருக்கு வளைவு ஆபரேஷன் கட்டத்துக்குப் போகாமல் நின்றது. சும்மா கண்காணிப்பில் இருந்தவர்களில் 48 சதவீதம். வளரும் பருவம் முடிந்துவிட்டால் பிரேஸால் பயனில்லை. 10 சிட்டிங், 20 சிட்டிங் என்று போகும் மாதங்கள் அந்தப் பருவத்திலிருந்துதான் கழிகின்றன.

யாரிடம் போவது?

டாக்டருக்கு மருத்துவ கவுன்சில் பதிவு எண் உண்டு. பிஸியோதெரபிஸ்டுகள் 2021-ல் வந்த மத்திய சட்டத்தின் கீழ் வருகிறார்கள். கைரோபிராக்டருக்கென்று இந்தியாவில் தனிச் சட்டமோ கவுன்சிலோ கிடையாது. வெளிநாட்டில் பல ஆண்டு படித்தவரும், சில நாள் வகுப்புக்குப் போய் வந்தவரும் ஒரே போர்டு மாட்டலாம். ஆகவே ‘என்ன படிச்சிருக்கீங்க, எங்க பதிவு பண்ணியிருக்கீங்க?’ என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். குழந்தையைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் 20 சிட்டிங் பேக்கேஜ் பேசினால், எழுந்து வந்துவிடுங்கள்.

தட்டாஞ்சாவடிக்காரர்களுக்கு ஒரு வசதி. கோரிமேட்டில் ஜிப்மர், எல்லைப்பிள்ளைச்சாவடியில் ராஜீவ் காந்தி அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனை, இரண்டுமே பக்கம்தான். 3 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி அல்லது அதற்கு மேல் காய்ச்சல், பால் குடிக்க மறுப்பது, பச்சை நிற வாந்தி, கை காலை அசைக்காமல் வைத்திருப்பது, உச்சிக்குழி புடைத்திருப்பது, எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடப்பது, இதில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் ராத்திரியே கிளம்புங்கள்.

எதுவும் இல்லை, சாயங்காலம் மட்டும்தான் அழுகிறது, எடையும் ஒழுங்காக ஏறுகிறது என்றால், பகலில் ஒருமுறை குழந்தை டாக்டரிடம் காட்டிவிட்டு, தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே இன்னும் சில வாரம் ஓட்ட வேண்டியதுதான். கை வலித்தால் அடுத்த ஷிப்ட் பாட்டிக்கு.