ஸ்மார்ட் மீட்டர்: உங்க வீட்டு ஸ்டேட்மென்ட் யார் கையில்?

ஒருத்தரோட பேங்க் ஸ்டேட்மென்ட்டைப் பார்த்தாலே அவர் எப்படி வாழ்றார்னு ஆடிட்டர் சொல்லிடுவார். ஸ்மார்ட் மீட்டர் டேட்டாவும் அப்படித்தான்.

நம்ம ஊர்ல பழைய மீட்டருக்கு ரெண்டு மாசத்துக்கு ஒரு ரீடிங். சென்னை தி.நகரில் முதலில் வந்த மாதிரியான ஸ்மார்ட் மீட்டர், 15 அல்லது 30 நிமிஷத்துக்கு ஒருமுறை பயன்பாட்டைப் பதிவு செய்து, வயர்லெஸ்ஸில் அனுப்பும். எப்போ ஏசி போட்டீங்க, எத்தனை நாள் வீடு பூட்டிக் கிடந்தது, எல்லாத்தையும் அதிலிருந்து ஊகிக்கலாம். இந்தக் கவலையால்தான் 2009-ல் நெதர்லாந்து மேலவை, இதைக் கட்டாயமாக்கும் மசோதாவை ஏற்கவில்லை.

மீட்டரை ஹேக் செய்வதைவிட உங்களை ஏமாற்றுவது சுலபம். "இன்று இரவு கரண்ட் கட்" மெசேஜ் தெரியும்தானே? ஸ்மார்ட் மீட்டரில் ஆபீசில் இருந்தே இணைப்பைத் துண்டிக்க முடியும். அதனால் அந்த மிரட்டல் இன்னும் நிஜம் மாதிரி தெரியும்.

அதனால் மூணு விஷயம்:

1. மெசேஜில் வரும் நம்பருக்குப் போன் பண்ணாதீங்க, லிங்கைத் தொடாதீங்க. பாக்கி இருக்கான்னு ஈபி ஆப்பில் நீங்களே பாருங்க.

2. ஓடிபி யாருக்கும் வேண்டாம்.

3. வாடகை வீடா? இணைப்பில் யார் மொபைல் நம்பர் பதிவாகியிருக்குன்னு ஓனர்கிட்ட கேளுங்க. அந்த லாகின் வெச்சிருக்கிறவர் உங்க பயன்பாட்டைப் பார்க்கலாம்.

பேங்க் ஸ்டேட்மென்ட்டை யாருக்கும் காட்ட மாட்டோம். இதையும் அப்படியே பாருங்க.