'க்ளிக்'னு திறக்கும் ஸ்பிரிங் கத்தி.. உள்ளே என்ன இருக்கு? கழற்றி மாட்டும்போது எங்கே தப்பு நடக்கும்?

பாக்கெட்டில் மடித்து வைக்கும் சிறிய கத்தி. பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன கொம்பை விரலால் லேசாக அழுத்தினால் போதும், மீதி வேலையை கத்தியே பார்த்துக்கொள்ளும். 'க்ளிக்' என்ற சத்தத்தோடு அலகு முழுதாக வெளியே வந்து லாக் ஆகிவிடும். ஸ்பிரிங் உதவியோடு திறக்கும் இந்த மடக்குக் கத்திகளை வைத்திருப்பவர்கள் ஒரு கட்டத்தில் சந்திக்கும் பிரச்னை ஒன்றுதான். பாக்கெட் நூலும் தூசியும் எண்ணெயோடு சேர்ந்து உள்ளே அப்பிக்கொள்ளும். அப்புறம் கத்தி பாதியிலேயே நின்றுவிடும்.

'நாலு ஸ்க்ரூ தானே, கழற்றி துடைச்சா போச்சு' என்று உட்காருபவர்களில் பலர், கடைசியில் ஒரு வளைந்த கம்பியை கையில் வைத்துக்கொண்டு இது எங்கே இருந்தது என்று முழிப்பதுதான் நடக்கிறது.

உள்ளே இருக்கும் அந்தக் கம்பி என்ன?

இந்த வகை கத்திகளில் பிரபலமானது அமெரிக்காவின் கெர்ஷா நிறுவனம் பயன்படுத்தும் 'ஸ்பீட்சேஃப்' முறை. ஹவாயைச் சேர்ந்த கத்தி வடிவமைப்பாளர் கென் ஆனியன் உருவாக்கிய இது, 1990-களின் பிற்பகுதியில் சந்தைக்கு வந்தது. இந்நிறுவனத்தின் 'லீக்' என்ற மாடல் இதற்கு நல்ல உதாரணம்.

ஸ்பிரிங் என்றதும் பால்பாயிண்ட் பேனாவில் இருக்கும் சுருள் கம்பி ஞாபகம் வரும். ஆனால் இதில் சுருளே இல்லை. இரண்டு முனையும் மடங்கிய, மெல்லிய எஃகுக் கம்பிதான் இருக்கிறது. 'டார்ஷன் பார்' என்பார்கள். ஒரு முனை கைப்பிடியின் உட்பக்கத் துளையில் நிற்கும். மறுமுனை அலகின் அடிப்பகுதியில் மாட்டியிருக்கும்.

வீட்டு லைட் சுவிட்சை நினைத்துப் பாருங்கள். பாதி அழுத்திவிட்டு விரலை எடுத்தால் பழைய இடத்துக்கே திரும்பும். நடுப்புள்ளியைத் தாண்டிவிட்டால் தானாகவே மறுபக்கம் சாயும். இங்கேயும் அதே கதைதான். கத்தி மூடியிருக்கும்போது கம்பி அதை மூடிய நிலையிலேயே இழுத்துப் பிடிக்கும். விரல் அழுத்தத்தில் அலகு கொஞ்சம் நகர்ந்ததும் விசையின் திசை மாறி, அதே கம்பி அலகை வெளியே தள்ளும்.

அதாவது திறந்துவிடுவதும் மூடி வைத்திருப்பதும் ஒரே கம்பிதான். கழற்றி மாட்டும்போது இதை மறந்தால்தான் வம்பு.

சட்டமே இந்தக் கம்பியைப் பற்றிப் பேசுது!

பட்டனை அழுத்தினால் பாய்ந்து திறக்கும் 'ஸ்விட்ச்பிளேடு' கத்திகளை மாநிலம் விட்டு மாநிலம் விற்க அமெரிக்கா 1958-ல் சட்டம் போட்டுத் தடை செய்தது. 2009 மே மாதம் அந்நாட்டு சுங்கத்துறை, ஸ்பிரிங் உதவியோடு திறக்கும் கத்திகளையும் அதே பட்டியலில் சேர்க்க முன்வந்தபோது பெரிய எதிர்ப்பு கிளம்பியது. அதே ஆண்டு அக்டோபரில் சட்டம் திருத்தப்பட்டது. மூடிய நிலையை நோக்கி இழுக்கும் விசை இருந்து, அதை மீறி அலகை கையால் நகர்த்த வேண்டியிருந்தால் அது ஸ்விட்ச்பிளேடு ஆகாது என்பதுதான் திருத்தத்தின் சாரம். பிரிட்டன் நேர் எதிர். 2019 சட்டத்தில் இவற்றையும் சேர்க்கும் வகையில் தடைக்கான விளக்கத்தை விரிவாக்கிவிட்டது.

இந்தியாவில்? ஆயுத விதிகள் 2016-ன்படி, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகள் ஆயுதப் பட்டியலில் வரும். வீடு, விவசாயம் போன்ற வேலைகளுக்கானவற்றுக்கு விலக்கு உண்டு. டெல்லியில் 1980-ம் ஆண்டு அறிவிக்கை இன்னும் கறார். ஸ்பிரிங், பட்டன் மூலம் திறக்கும் கத்தியின் அலகு 7.62 செ.மீ நீளமும் 1.72 செ.மீ அகலமும் அல்லது அதற்கு மேலும் இருந்தால் சிக்கல். 7.62 செ.மீ என்பது சரியாக 3 அங்குலம். லீக் மாடலின் அலகு நீளமும் 3 அங்குலம்தான்! விமானத்தில் கைப்பையில் எந்தக் கத்திக்கும் அனுமதி இல்லை என்பது தனி.

கழற்றும் முன்..

முதலில் வாரண்டி அட்டையைப் படியுங்கள். கழற்றினால் வாரண்டி கிடையாது என்று சொல்லும் நிறுவனங்கள் உண்டு. தூசி மட்டும்தான் பிரச்னை என்றால் வெந்நீரில் அலசி, நன்றாகக் காயவைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டாலே பல நேரம் சரியாகிவிடும்.

கழற்றித்தான் ஆக வேண்டும் என்றால், நட்சத்திர வடிவ டார்க்ஸ் பிட் வேண்டும். செல்போன் சர்வீஸ் கடைகளில் இருக்குமே, அதுதான். டி6, டி8 அளவுகள் பெரும்பாலும் போதும். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். அலகின் கூர்முனைக்கு மேல் தடிமனாக டேப் சுற்றிவிடுங்கள். வெள்ளைத் துணி விரித்து வேலை செய்தால் ஸ்க்ரூ உருண்டாலும் கண்ணில் படும்.

இந்த வகையில் பொதுவாக அலகைத் திறந்து வைத்துதான் கழற்றுவார்கள். அப்போதுதான் கம்பியில் இறுக்கம் குறைவு. முதலில் கிளிப், அப்புறம் உடல் ஸ்க்ரூக்கள், கடைசியாக அலகு சுழலும் பிவட் ஸ்க்ரூ.

ஸ்க்ரூ அசையவில்லையா? பலம் காட்டாதீர்கள். மரையில் கம்பெனியிலேயே ஒட்டும் திரவம் தடவியிருப்பார்கள். சால்டரிங் அயர்ன் முனையை ஸ்க்ரூ தலையில் சில விநாடிகள் வைத்தால் அது இளகும். பிளாஸ்டிக் கைப்பிடி என்றால் இந்த வேலை வேண்டாம், உருகிவிடும். தலை மழுங்கிய டி6 ஸ்க்ரூவை வெளியே எடுப்பது தனிப் போராட்டம்.

ஒரு பக்கக் கைப்பிடியைத் தூக்கும்போது விரலால் கம்பியை அழுத்திப் பிடித்தபடி மெதுவாக எடுக்க வேண்டும். இந்த நிமிடத்தில்தான் அது துள்ளும். எடுத்ததும், எதையும் தொடாமல் செல்போனில் ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். கம்பியின் எந்த முனை எங்கே, எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது தெளிவாகத் தெரிய வேண்டும். அலகின் இருபுறமும் மெல்லிய வாஷர்கள் இருக்கும். எண்ணெய்ப் பசையில் அலகோடு ஒட்டிக்கொண்டு வரும், துடைக்கும்போது துணியோடு போய்விடும். எண்ணிக்கொள்ளுங்கள்.

தேங்காய் எண்ணெய் வேண்டாம்!

ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் பழைய டூத் பிரஷ்ஷும் சுத்தம் செய்யப் போதும். வாஷரில் ஒரே ஒரு சொட்டு தையல் மிஷின் எண்ணெய். சமையல் எண்ணெய் எதுவானாலும் நாளடைவில் பிசுபிசுத்து, மறுபடி தூசியை இழுக்கும். லாக், அலகைத் தாங்கும் இடத்தில் மட்டும் எண்ணெய் படக்கூடாது, வழுக்கும்.

மாட்டும்போது வந்த வழியே திரும்ப வேண்டும். அலகு திறந்த நிலையில், கம்பியின் இரு முனையும் அதனதன் துளையில் உட்கார்ந்ததைப் பார்த்த பிறகே மூடிப் பொருத்துங்கள். இடிக்கிறது என்றால் கம்பி சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். ஸ்க்ரூவை இறுக்கி அதை வழிக்குக் கொண்டுவர முடியாது, வளையத்தான் செய்யும். எல்லா ஸ்க்ரூவையும் லேசாக மாட்டிவிட்டு, பிறகு ஒவ்வொன்றாக இறுக்கலாம். பிவட்டை அதிகம் இறுக்கினால் அலகு பாதியில் நிற்கும், தளர்த்தினால் பக்கவாட்டில் ஆடும். கால் சுற்று, அரை சுற்று என்று பார்த்துப் பார்த்துத்தான் வைக்க வேண்டும்.

பாக்கெட்டில் போடும் முன் இரண்டு சோதனை. ஒன்று, திறந்த அலகின் முதுகுப்பக்கம் லேசாக அழுத்தும்போது லாக் விடக்கூடாது. அலகு மடங்கும் வழியில் விரல் இருக்கக்கூடாது. இரண்டு, கத்தியை மூடி, டேப்பைப் பிரிக்காமலேயே தலைகீழாகப் பிடித்து மெதுவாகக் குலுக்குங்கள். அலகு அசையாமல் மூடியே இருக்க வேண்டும். சில மாடல்களில் கம்பி உடைந்தாலோ நழுவினாலோ மூடி வைத்திருக்கும் பிடியும் சேர்ந்தே போய்விடும். பாக்கெட்டுக்குள் குனியும்போதோ உட்காரும்போதோ அலகு வெளியே வந்தால் நேராகத் தொடையில்தான் இறங்கும். லீக் மாடலில் அலகு முனைக்கென்றே தனியாக ஒரு லாக் வைத்திருப்பதும் இதற்காகத்தான்.

குலுக்கும்போது அலகு நழுவினால் மறுபடி கழற்றி, எடுத்து வைத்த போட்டோவோடு கம்பியை ஒப்பிட்டுப் பாருங்கள். அது சரியாகும் வரை கத்தி மேஜை டிராயரிலேயே இருக்கட்டும்.